கொடுப்பதா, ஒப்புக்கொள்வதா?

‘கிராண்ட்’ என்று எழுதினால் என்ன, ‘ரெக்கக்னைஸ்’ என்று எழுதினால் என்ன, பட்டா கைக்கு வந்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். இந்தக் கேள்வியைப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் நம் மொழியையே எடுத்துக்கொள்வோம். ஈ, தா, கொடு மூன்றும் ஒரே பொருள் போலத் தோன்றும். தொல்காப்பியர் அவற்றைப் பிரித்து வைத்தார். தாழ்ந்த நிலையில் இருப்பவன் ‘ஈ’ என்று கேட்பான். சமமானவன் ‘தா’ என்பான். உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். யார் மேலே, யார் கீழே என்பதை வினைச்சொல்லே காட்டிவிடும்.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘கிராண்ட்’ என்பது மேலே இருப்பவர் தன் அதிகாரத்தில் உள்ளதைக் கீழே இருப்பவருக்கு அளிப்பது. ‘ரெக்கக்னைஸ்’ என்பது ஏற்கெனவே உன்னுடையதை உன்னுடையது என்று ஒப்புக்கொள்வது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முழுப்பெயரிலேயே இருப்பது இந்த இரண்டாவது சொல்தான். தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தும் உரிமை பதிவாகாமல் போனவர்களுக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று அதன் முகவுரை சொல்கிறது. வாங்கிய கடனைத் திருப்பித் தருபவரை வள்ளல் என்போமா?

வள்ளல் யார் என்று கொல்லிமலைக்காரர்களுக்குப் பாடம் வேண்டியதில்லை. ஆடி மாதம் வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் விழா எடுப்பவர்கள் நாம். ஓரி தன் பொருளைக் கொடுத்தான், அது கொடை. வன உரிமைப் பட்டா கொடை அல்ல. ஆனால் மேடையிலும் ‘வழங்கினார்’, மறுநாள் செய்தித்தாளிலும் ‘வழங்கினார்’. வாங்குகிறவர் கும்பிட்டு நிற்கிறார்.

அடுத்த ஜோடி ‘க்ளெய்ம்’, ‘அப்ளை’. சட்டம் மக்களைக் ‘க்ளெய்ம்’ செய்யச் சொல்கிறது. அதாவது உரிமை கோரச் சொல்கிறது. நாம் எழுதுவதோ மனு. ‘கருணை கூர்ந்து வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிக்கிறோம். கோரிக்கையை முதலில் பெற்றுச் சரிபார்க்க வேண்டியது கிராம சபை. அந்த சபையில் நம் ஊர்க்காரர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே தாழ்மை எதற்கு?

மூன்றாவது ஜோடிதான் ஆபத்தானது. ‘ஆக்குபை’ என்றால் அனுபவத்தில் வைத்திருப்பது. ‘என்க்ரோச்’ என்றால் அடுத்தவர் இடத்தில் அத்துமீறி நுழைவது. 2002 மே 3 அன்று மத்திய வன அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம் இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டு, வரன்முறைப்படுத்தத் தகுதியற்ற ஆக்கிரமிப்புகளை செப்டம்பர் 30க்குள் அகற்றச் சொன்னது. 2006 சட்டம் வந்த பிறகு, 13.12.2005க்கு முன்பிருந்தே நிலத்தை அனுபவிக்கும் பழங்குடியினருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சரிபார்ப்பு முடியும் வரை அவர்களை வெளியேற்றவும் கூடாது.

வெறும் சொல்தானே என்கிறவர்களுக்கு 2019ஐ நினைவூட்டுகிறேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 28 அன்று அதை நிறுத்தி வைத்து, எந்த முறைப்படி நிராகரித்தீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டது. கொடை என்றால் மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உரிமை என்றால் சொல்லியாக வேண்டும். நிராகரித்தால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது விதி.

நண்பர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. உழுகிறவனுக்குக் காகிதம் முக்கியம்தான். ஆனால் பிச்சையாக வாங்கிய காகிதத்தை நாளைக்கு ஒருவர் திருப்பிக் கேட்டால் நாம் வாயடைத்து நிற்போம்.

இதைப் படிக்கும் மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தில் பதிவு செய்த முதியோர் வாக்குமூலத்தையும் விதிகள் சான்றாக ஏற்கின்றன. கிணறு, சுடுகாடு, கோயில் இவையும் சான்றுகளே. எந்தக் காட்டை யார் திருத்தினார்கள், எந்த வரப்பை யார் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த கிராம சபையில் அதைச் சொல்லி எழுத வையுங்கள். எழுதுகிறவர் ‘வழங்குமாறு’ என்று ஆரம்பித்தால் கையை நிறுத்தி, ‘அங்கீகரிக்குமாறு’ என்று திருத்தச் சொல்லுங்கள்.