மழைக்குப் பயப்படும் தோழியிடம் என்ன சொல்வீர்கள்?

மாணவர்களே, பிற்பகல் 3 மணிக்கு வானம் கறுக்கிறது. காற்று பள்ளித் திடலைச் சுழற்றி அடிக்கிறது. நம் நாட்டில் இது அன்றாடக் காட்சி. உங்களில் பலர், "அப்பாடா, வெயில் தணிந்தது, இன்று புறப்பாடம் கிடையாது" என்று மகிழ்வீர்கள். அதே வேளையில் உங்கள் வகுப்பில் ஒருவருக்கு உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு கலங்கிக்கொண்டிருக்கலாம். அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மழைக்குப் பயம் என்று வாய் திறந்தால் வகுப்பே சிரிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

என் அக்காள் மகள் அப்படி ஒருத்தி. சிரித்த முதல் ஆள் நான்தான். "மலேசியாவில் பிறந்துவிட்டு மழைக்குப் பயமா?" என்று கேட்டேன். அறிவியல் கட்டுரை எழுதுகிற நான் கேட்டிருக்கக்கூடாத கேள்வி அது.

அவள் படிவம் 1 படித்தபோது, ஒரு மாலை அம்மாவுடன் காரில் வந்துகொண்டிருந்தாள். திடீர் வெள்ளம். சமிக்ஞை விளக்கருகே கார் நின்றுவிட்டது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் உள்ளே கசிந்து அவள் காலணியை நனைத்தது. இருபது நிமிடத்தில் வெள்ளம் வடிந்தது. இருவரும் வீடு வந்து தேநீர் குடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த மாதம், மழை பெய்தால் பள்ளிக்கு வந்து அழைத்துப்போகும்படி கேட்டாள். பிறகு மேகம் கூடினாலே தொலைபேசி வந்தது. படிவம் 2-இல், காலையில் கைப்பேசியில் வானிலைப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீருடை அணிந்தாள். சில நாள்களில் அணியவே இல்லை.

மழையைக் குறித்த இத்தகைய அச்சத்துக்கு ஓம்ப்ரோஃபோபியா என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஓம்ப்ரோஸ்' என்றால் மழை. பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாக வகைப்படுத்துவதில்லை. உயரம், புயல், தண்ணீர் ஆகியவற்றைக் கண்டு அஞ்சுவதுபோல, இயற்கைச் சூழல் சார்ந்த அச்சக்கோளாறுகளில் இதுவும் ஒன்று. உண்மையான ஆபத்துக்குப் பொருந்தாத அளவில் பயம் இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். படிப்பையோ நட்பையோ அன்றாட வாழ்க்கையையோ கெடுக்க வேண்டும். அப்போதுதான் அது கோளாறு. இடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது கோளாறு அல்ல.

பயம் எப்படி இப்படிப் பரவுகிறது? 1920-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வயது நிரம்பாத ஒரு குழந்தை வெள்ளை எலியோடு பயமின்றி விளையாடியது. குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறைகளுக்குப் பிறகு எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. பின்னர் முயலையும் நாயையும் கம்பளி உரோம மேலங்கியையும் கண்டுகூட அழுதது. இன்று எந்தப் பல்கலைக்கழகமும் இப்படிப்பட்ட சோதனைக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அந்தக் குழந்தையின் பயத்தை நீக்காமலேயே அனுப்பிவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

எலியின் இடத்தில் மழையை வைத்துப் பாருங்கள். இரும்புச் சத்தத்தின் இடத்தில் இடியையோ, காருக்குள் வந்த தண்ணீரையோ வையுங்கள். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கை மணி அடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அது துல்லியத்தைவிட வேகத்தையே விரும்புகிறது. காய்ந்த கொடியைப் பாம்பென்று நினைத்துத் துள்ளினால் நட்டமில்லை. பாம்பைக் கொடியென்று நினைத்தால்தான் நட்டம். ஆகவே வெள்ளத்தோடு சேர்ந்து வந்த மழை, மேகம், ஈர மண்வாசனை எல்லாவற்றின் மீதும் அது சிவப்பு முத்திரை குத்திவிடுகிறது. "பயப்படாதே" என்று நாம் சொல்லும் சொல் அந்த மணியை நிறுத்துவதில்லை. அவளுக்கே தெரியும், தூறல் யாரையும் கொல்லாது என்று. தெரிந்தும் கை நடுங்குகிறது.

அந்தப் பயம் மாதக்கணக்கில் ஏன் வளர்ந்தது என்பதில்தான் எனக்கு உங்களிடம் சொல்ல ஒரு கருத்து இருக்கிறது. என் அக்காள் அதை விரும்ப மாட்டார்.

மகள் அழைத்தாள், அம்மா ஓடிப்போய்க் காரில் ஏற்றிக்கொண்டார். கார் கதவு மூடிய கணத்தில் மகளின் படபடப்பு தணிந்தது. அந்த நிம்மதிதான் சிக்கல். 'தப்பித்து ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஓடாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்கும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே மணி அடிக்கிறது. மணிக்கு இருபது தடவை வானிலைப் படத்தைப் பார்ப்பதும் இதே கதைதான். கேலி செய்த நானும் தவறு. அன்பால் ஒவ்வொரு முறையும் மீட்டுவந்த அம்மாவும், அவர் அறியாமலேயே, அந்தப் பயத்துக்குத் தீனி போட்டார்.

சரி, மாற்று என்ன? 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டர் தனக்குப் பிடித்த உணவைச் சாப்பிடும்போது, கூண்டில் இருந்த முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார்கள். அவன் பொறுத்துக்கொண்ட அளவுக்கு, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுத்தான். வாட்சன் பயத்தை உண்டாக்கிக் காட்டினார். ஜோன்ஸ் அதைக் கரைத்துக் காட்டினார். பாடநூல்களில் முதலாமவர் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. எனக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கும். இன்று உளவியலாளர்கள் பயன்படுத்தும் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சைக்கு அது ஒரு தொடக்கம்.

என் அக்காள் மகள் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் போனாள். அவர் வழியாக ஓர் உளவியலாளரிடமும் போனாள். அங்கே ஓர் ஏணி போட்டார்கள். முதல் படி, மழைச் சத்தப் பதிவை மெல்லிய ஒலியில் கேட்பது. அடுத்து, உண்மையான மழையைச் சன்னல் வழியாகத் திரைச்சீலை விலக்கிப் பார்ப்பது. பிறகு வாசலில் கூரைக்குக் கீழே நிற்பது. தூறலில் கையை நீட்டுவது. குடையோடு பேருந்து நிறுத்தம் வரை நடப்பது. ஒவ்வொரு படியிலும் தன் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். எட்டில் தொடங்கிய பயம் ஓரளவு இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் ஓடிவிட்டால் பழைய பாடமே மீண்டும் பதியும். ஓடாமல் அங்கேயே இருப்பதுதான் கடினமான வேலை. வாசலில் அவள் நின்றபோது அம்மாவும் பக்கத்தில் நின்றார். ஆனால் உள்ளே இழுத்துக்கொண்டு போகவில்லை. எது அதிகக் கடினம் என்று எனக்குத் தெரியவில்லை, மகள் நின்றதா, அம்மா இழுக்காமல் இருந்ததா.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. துணிச்சல் வரவைக்கிறேன் என்று யாரையும் மழையில் தள்ளிவிடாதீர்கள். ஏணியில் எந்தப் படி, எந்த நாள் என்பதை ஏறுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். "நான் கூட நிற்கட்டுமா?" என்று கேட்டாலே போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மின்னலில் திடலில் நிற்கப் புறப்படாதீர்கள். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. உலகில் இடிமழை மிகுந்த வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் பெரியவர்களைக் கூடக் கீழே தள்ளிவிடும். இவற்றுக்கு அஞ்சுவது அறிவு. அந்த ஏணியிலும் இடி வந்தால் உள்ளே போவது என்ற விதி இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரையிலும் மாடியிலும் மீட்புப் படகுக்காகக் காத்திருந்தவர்கள் உங்களில் இருக்கலாம். மழை கேட்டால் அந்த இரவு திரும்பி வருகிறது, கனவில் தண்ணீர் ஏறுகிறது என்றால், அதைக் காரணமற்ற பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அனுபவித்த பேரிடரின் காயமாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு. தனியாக ஏணி போட்டுக்கொண்டு முயலாதீர்கள். ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள்; பேச ஆள் இல்லையென்றால் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம்.

என் அக்காள் மகள் இப்போது படிவம் 4. பயம் அழிந்துவிடவில்லை. பழைய பாடத்தின் மேல் புதிய பாடம் எழுதப்படுகிறதே தவிர, பழையது மறைவதில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்தும். சென்ற ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பிறகு பெய்த முதல் பெருமழையில் அவள் மதிப்பெண் மூன்றிலிருந்து ஏழுக்குத் தாவியது. அழுதாள். மறுநாள் மீண்டும் சன்னல் படியிலிருந்து தொடங்கினாள். போன வாரம் பள்ளி முடிந்து மழையில் குடையோடு நடந்து வந்தவள், வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "இன்னைக்கு நாலு, மாமா."