உக்கிராணத்தில் ஒரு புதுச் சமையற்காரர்

ஓசூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய பெண் தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அந்த ஊரில் இது அதிசயமல்ல. ஆனால் ஒரு மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கும் லாப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாளாம். "கேட்டால், பழைய கிளஸ்டரில் ஸ்பார்க்கை ஏற்றுகிறோம் அம்மா என்கிறாள். ஏற்றுவதற்கு அது என்ன மூட்டையா? பழசு என்றால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கக் கூடாதா? வரன் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் நான் என்னவென்று சொல்வது?" என்கிறார்.

கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. மற்றவற்றை முதலில் பார்ப்போம்.

1980-ல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளியே வந்தபோது, வாசலைத் தாண்டிய பிறகு அது யாருக்கும் எந்தச் சேதியும் அனுப்பவில்லை. இப்போதோ, ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர்கள் வருகின்றன. பாட்டரி எவ்வளவு சூடாயிற்று, வண்டி என்ன வேகம் என்று ரோட்டிலிருந்தே சேதி சொல்லும் வண்டிகள் இவை. இப்படிப்பட்ட சேதி லட்சக்கணக்கில் குவிந்தால் ஒரே கம்ப்யூட்டர் தாங்காது. பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒன்றாக வேலை வாங்குவதுதான் கிளஸ்டர்.

அதற்கு 2006-ல் பிரபலமாகத் தொடங்கிய ஏற்பாடு ஹடூப். டக் கட்டிங் என்பவர் தம் குழந்தையின் பொம்மை யானையின் பெயரை அதற்கு வைத்தார். பெரிய கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் வழக்கமாக மூன்று பிரதி எடுத்து, வெவ்வேறு யந்திரங்களில் வைக்கும். ஒரு யந்திரம் படுத்துவிட்டாலும் கணக்கு போய்விடாது. கெட்டிக்கார யானை!

ஆனால் அந்த யானையோடு வந்த பழைய சமையற்காரருக்கு ஒரு பழக்கம். தேங்காய் துருவினால் அதைக் கொண்டுபோய் உக்கிராண அறையில் வைப்பார். அரைக்க வேண்டுமென்றால் போய் எடுத்து வருவார். அரைத்ததையும் மறுபடி உள்ளே வைப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் டிஸ்கில் எழுதி, டிஸ்கிலிருந்து படிக்கிறார் என்று அர்த்தம். 2009-ல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையில் மாதெய் ஸஹாரியா தொடங்கிய ஸ்பார்க், துருவியதை முடிந்தவரை கைக்கெட்டும் மேடையிலேயே, அதாவது மெமரியிலேயே, வைத்துக்கொள்கிறது. 2014-ல் நூறு டெராபைட் கணக்கை வரிசைப்படுத்தும் போட்டி நடந்தது. அதற்கு முன் ஹடூப் 2,100 யந்திரங்களில் 72 நிமிஷத்தில் செய்ததை, ஸ்பார்க் 206 யந்திரங்களில் 23 நிமிஷத்தில் முடித்தது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்த வெற்றி மெமரியால் மட்டும் வந்ததல்ல. வேகமான டிஸ்குகளும் இருந்தன.

சரி, பழையதை ஏன் எறியக் கூடாது? அரிசியும் பருப்பும் அங்கேதானே அம்மா இருக்கின்றன! வருஷக்கணக்கில் சேர்ந்த விவரங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோவதைவிட, சமையற்காரரை மண்டபத்துக்கு அழைத்துவருவது சுலபம். 2013-ல் வந்த இரண்டாம் ஹடூப்பில் யார்ன் என்று ஓர் உக்கிராணக்காரர் சேர்ந்தார். யார் வந்தாலும் இத்தனை அடுப்பு, இவ்வளவு பாத்திரம் என்று அளந்து கொடுப்பது அவர் வேலை. ஸ்பார்க்கை ஒவ்வொரு யந்திரத்திலும் தனித்தனியே நிறுவ வேண்டியதில்லை. ஓரிடத்தில் வைத்து, ஹடூப்பின் விலாசக் குறிப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். மீதியை அது உக்கிராணக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

கேட்பதில்தான் வம்பு. கேட்ட அளவுக்கு மேல் பாத்திரம் வழிந்தால், உக்கிராணக்காரர் தயவு தாட்சண்யம் பார்க்காமல் அந்த அடுப்பையே அணைத்துவிடுவார். அதற்காகத்தான் ஸ்பார்க், கேட்ட மெமரிக்கு மேல் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது 384 மெகாபைட், கூடுதலாக வாங்கி வைக்கிறது. சில வேலைகளுக்கு அதுவும் போதாது. சரி என்று அள்ளிக் கேட்டாலோ, மற்றப் பந்திக்காரர்கள் இலை போட்டுக் காத்துக்கொண்டிருப்பார்கள். பகலில் அவர்கள் கூட்டம். ராத்திரியில்தான் பரீட்சை செய்து பார்க்க இடம் கிடைக்கும்.

இன்னொன்று. 2025-ல் வந்த நாலாவது ஸ்பார்க்குக்கு ஜாவா 17 வேண்டும். எட்டாம் ஜாவாவோடு ஓடும் பழைய கிளஸ்டரில் அதைக் கொண்டுபோய் வைப்பது, இரண்டு துளை பிளக் உள்ள வீட்டுக்கு மூன்று கால் மிக்ஸி வாங்கி வந்த கதைதான்.

பெண் லாப்டாப்பை மூடாததற்கும் காரணம் இருக்கலாம். ஸ்பார்க்கின் மேஸ்திரியைக் கிளஸ்டருக்குள்ளேயே உட்கார வைக்கலாம். நம் கையில் இருக்கும் யந்திரத்திலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையில், நம் யந்திரம் தூங்கிவிட்டால் மேஸ்திரியும் போனார், வேலையும் போயிற்று. ஆகவே, "மூடிவிட்டுப் படு" என்று நீங்களே போய் மூடிவிடாதீர்கள்! மேஸ்திரியை உள்ளே அனுப்பியாயிற்றா என்று கேளுங்கள். ஆயிற்று என்றால் தாராளமாகப் படுக்கச் சொல்லலாம்.

வரன் வீட்டாருக்கு என்ன சொல்வது? ஓடிக்கொண்டிருக்கும் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்தியும் நிற்காமல் சமையற்காரரை மாற்றுகிறாள் என்று சொல்லுங்கள். புரியாவிட்டால் பெண்ணையே விளக்கச் சொல்லலாம். ஆனால் வந்தவர்களுக்குக் காப்பியை முதலில் கொடுத்துவிடுங்கள். அவள் ஆரம்பித்தால் ஆறிப்போகும்.