சாளைக்கும் பென்குவினுக்கும் ஒரே கணக்கு: கடல் சூடானால் மீன் எங்கே போகும் என எப்படிக் கணிக்கிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில், வள்ளியாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது கடியப்பட்டணம். இது போன்ற மீனவ ஊர்களில் சாளை நன்றாகப் பட்டால் கரையில் எல்லோர் கையிலும் காசு புரளும். படாவிட்டால் படகுக்கும் இன்ஜினுக்கும் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஏறும்.

அண்டார்டிகாவில் இருக்கும் எம்பரர் பென்குவினுக்கும் இந்தச் சாளைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டைப் பற்றியும் விஞ்ஞானிகள் கேட்பது ஒரே கேள்விதான். கடல் சூடானால் இந்த உயிரினம் எங்கே போகும், எவ்வளவு மிஞ்சும்? அதற்குப் பதில் தேட உருவாக்கப்பட்டவைதான் கணினி மாதிரிகள். அவை எப்படி வேலை செய்கின்றன, எந்த அளவுக்கு நம்பலாம், குமரிக் கடற்கரைக்கு அதனால் என்ன பயன்?

சாளைக்கு என்னதான் ஆச்சு?

குமரி மக்கள் சாளை என்பதைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் மத்தி என்கிறார்கள். குமரியின் மேற்குக் கரையும் கேரளமும் ஒரே கடல். அதனால் கேரளக் கணக்கைப் பார்த்தாலே நிலவரம் புரியும். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிஎம்எஃப்ஆர்ஐ) மதிப்பீட்டின்படி, கேரளத்தில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி கரைக்கு வந்தது. 2021-ல் வந்தது வெறும் 3,297 டன். அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 2023-ல் அது மறுபடியும் 1.38 லட்சம் டன்னாக ஏறியது.

இந்த ஏற்ற இறக்கத்தின் சூட்சுமம் தென்மேற்குப் பருவக்காற்றில் இருக்கிறது. ஜூன் மாத வாக்கில் காற்று பலமாக வீசும்போது, கரையோரத்து மேல் தண்ணீர் ஆழ்கடல் பக்கம் தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே வருகிறது. அதில் நுண்பாசிகள் பெருகும். சாளை அதைத் தின்று வளரும், அந்தக் காலத்திலேயே முட்டையும் இடும். சாளையின் ஆயுள் இரண்டு மூன்று வருஷம்தான். எனவே ஒரு பருவம் பொய்த்தாலே அடுத்த ஆண்டு வலையில் தெரிந்துவிடும்.

அப்படியானால் கடல் சூடாவதுதான் காரணமா? அது ஒரு பகுதிதான். 2012-க்குப் பிந்தைய சரிவுக்கு எல் நினோ போன்ற காலநிலைக் காரணங்களோடு, முட்டையிடும் மீன்களையும் குஞ்சு மீன்களையும் அளவுக்கு மீறிப் பிடித்ததும் காரணம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கண்ணால் முடியாது. அங்கேதான் மாதிரிகள் தேவைப்படுகின்றன.

மாதிரி என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், கடலைப் பற்றித் தெரிந்த விஷயங்களைக் கணக்காக மாற்றி கணினியில் ஓட விடுவது. முக்கியமாக மூன்று வகைகள் உண்டு.

1. இருப்பிட மாதிரி: ஒரு மீன் இதுவரை எங்கெல்லாம் கிடைத்தது, அங்கே தண்ணீரின் சூடு, உப்பு, ஆழம், பாசியின் அளவு எவ்வளவு என்று பார்ப்பது. பிறகு, 2050-ல் அதே சூழல் எந்த இடத்தில் இருக்கும் என்று தேடுவது. வரன் பார்ப்பது மாதிரி, மீனுக்குப் பொருத்தமான வீட்டைத் தேடும் கணக்கு இது.

2. எண்ணிக்கை மாதிரி: எத்தனை பிறக்கின்றன, எத்தனை சாகின்றன, எத்தனை பிடிபடுகின்றன என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கிடுவது.

3. உணவு வலை மாதிரி: பாசி, அதைத் தின்னும் சாளை, சாளையைத் தின்னும் சூரை, இவை எல்லாவற்றையும் பிடிக்கும் மனிதன் என மொத்தத்தையும் ஒன்றாகப் பார்ப்பது. கர்நாடகக் கடலுக்கு சிஎம்எஃப்ஆர்ஐ விஞ்ஞானிகள் இப்படி ஒரு மாதிரியைச் செய்திருக்கிறார்கள்.

இந்த மூன்றிலும் உலகம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றும் என்ற பல அனுமானங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். அதனால்தான் பதிலும் ஒரே எண்ணாக வராது. 'இப்படி நடந்தால் இவ்வளவு' என்றுதான் வரும்.

துருவத்தில் இந்தக் கணக்கு என்ன சொன்னது?

துருவப் பகுதி உயிரினங்கள் பனிக்கட்டியை நம்பி வாழ்கின்றன. எம்பரர் பென்குவின் கடல் பனி மேல்தான் முட்டையிட்டுக் குஞ்சை வளர்க்கும். குஞ்சுக்கு நீந்துவதற்கான இறகு முளைப்பதற்குள் பனி உடைந்தால் கதை முடிந்தது. பனிக்கும் குஞ்சுக்கும் உள்ள இந்த நேரடித் தொடர்பால் மாதிரியைக் கட்டுவது ஓரளவு சுலபம். வாயு வெளியேற்றம் உச்சத்தில் தொடர்ந்தால், 2100-க்குள் சுமார் 98% பென்குவின் குடியிருப்புகள் அழிவின் விளிம்புக்குப் போகும் என்று 2021-ல் வெளியான ஆய்வு கணித்தது.

அடுத்த ஆண்டே அதன் முன்னோட்டம் தெரிந்தது. 2022-ன் இறுதியில் அண்டார்டிகாவின் பெல்லிங்ஷவுசன் கடலில் பனி சீக்கிரமே உடைந்தது. அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் பிழைக்கவில்லை என செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அண்டார்டிக் கிரில் எனும் சின்ன இறால் போன்ற உயிரியும் நகர்ந்திருக்கிறது. 1920-களில் இருந்து தென்மேற்கு அட்லாண்டிக்கில் அது அதிகமாக இருக்கும் பகுதி சுமார் 440 கிலோமீட்டர் தெற்கே போய்விட்டது.

நம் கடலிலும் மீன்கள் நகர்ந்திருக்கின்றனவா?

ஆமாம். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்ததாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரிதான்.

இதற்கு மீன்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருப்பதாக சிஎம்எஃப்ஆர்ஐ ஆய்வுகள் காட்டுகின்றன.

• இடம் மாறுவது: 1980-களின் நடுப்பகுதி வரை சாளை பெரும்பாலும் கேரளம், கர்நாடகம் அடங்கிய மலபார் கடலில்தான் கிடைத்தது. அதன் பிறகு வடக்கே மகாராஷ்டிரம், குஜராத் பக்கமும், கிழக்கே தமிழ்நாட்டின் சோழமண்டலக் கரையிலும் பிடிபடத் தொடங்கியது.

• ஆழம் மாறுவது: அயலை மேல்மட்டத்தில் திரியும் மீன். 1985-89 காலத்தில் பிடிபட்ட அயலையில் சுமார் 2% மட்டுமே அடித்தள இழுவலையில் சிக்கியது. 2003-07 காலத்தில் அது சுமார் 15%. மேலே சூடு கூடியதால் அயலை கீழேயும் இறங்குகிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம்.

• காலம் மாறுவது: சென்னைக் கடலில் சங்கரா மீன்களின் முட்டையிடும் காலம் ஏப்ரல்-செப்டம்பரிலிருந்து மெல்ல அக்டோபர்-மார்ச் பக்கம், அதாவது குளிர்ந்த மாதங்களை நோக்கி, நகர்ந்திருக்கிறது.

'வடக்கே வழி இல்லை' என்பது ஏன் பெரிய பிரச்சனை?

அட்லாண்டிக்கில் தண்ணீர் சூடானால் மீன் வடக்கே, வடதுருவம் வரைக்கும் போகலாம். இந்தியப் பெருங்கடலில் அது முடியாது. அரபிக்கடல் பாகிஸ்தான், ஈரான் கரையோடு முடிந்துவிடும். வங்கக்கடல் வங்கதேசத்தோடு முடிந்துவிடும். துருவ உயிரினங்களுக்கும் இதே சிக்கல்தான். பென்குவின் தெற்கே போகப் போக, கடைசியில் கடல் தீர்ந்து நிலம்தான் மிச்சம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குளிர்க் கடலிலிருந்து ஒரு மீன் போனால், வெப்பக் கடலின் மீன் அந்த இடத்துக்கு வரும். நம் கடல் ஏற்கெனவே வெப்பக் கடல். இங்கிருந்து ஒன்று போனால், அதைவிடச் சூடான கடலிலிருந்து வர வேறு மீன் இல்லை. அதனால்தான் 2010-ல் வெளியான உலகளாவிய மாதிரி, 2055 வாக்கில் துருவத்தை ஒட்டிய கடல்களில் மீன்பிடி வாய்ப்பு 30 முதல் 70% கூடலாம், வெப்பமண்டலத்தில் 40% வரை குறையலாம் என்றது. 2019-ல் பல மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், ஒவ்வொரு 1 டிகிரி வெப்ப உயர்வுக்கும் உலகக் கடல் விலங்குகளின் மொத்த எடை சராசரியாக 5% குறையும் என்று வந்தது.

இந்தக் கணிப்புகளை எவ்வளவு நம்பலாம்?

திசையை நம்பலாம். ஊர் அளவிலான எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று காரணங்கள்.

ஒன்று, உலக மாதிரிகள் கடலைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன. ஒரு கட்டத்துக்குள் கடியப்பட்டணம் முதல் குளச்சல் தாண்டியும் அடங்கிவிடலாம். ஆற்றுமுகம், பாறைப் பார், கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் எனும் மீன்வளத் திட்டு போன்றவை அதில் சரியாகத் தெரியாது.

இரண்டு, தரவு. கணக்கில் வருவது கரையில் இறங்கிய மீன்தான், கடலில் இருக்கும் மீன் அல்ல. குமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதிப் படகுகள் பல, பிடித்த மீனைக் கொச்சியில் இறக்குகின்றன. அது கேரளக் கணக்கில் போகும். படகும் வலையும் மாறினாலே மீன் கூடியது மாதிரியோ குறைந்தது மாதிரியோ தோன்றிவிடும்.

மூன்று, வெப்பம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. கடல் இந்த அளவு சூடாவதற்கு முன்பே, 1940-களிலும் மலபார் கடலில் சாளை வெகுவாகக் குறைந்தது. 2021-க்குப் பிறகு கடல் பழையபடி குளிர்ந்துவிடவில்லை, ஆனாலும் சாளை திரும்பி வந்தது. வெப்பநிலையை மட்டும் வைத்துக் கட்டிய மாதிரியால் இந்த இரண்டையும் விளக்க முடியாது.

சரி, கடியப்பட்டணத்துக்கு இதனால் என்ன பயன்?

இன்றைக்கே பயனில் இருப்பது குறுகிய காலக் கணிப்பு. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் (இன்கோயிஸ்), கடலின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறது. ஆனால் மேகம் மூடினால் இந்தப் பார்வை தடைபடும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலுக்குப் பிறகு, எச்சரிக்கை சரியான நேரத்தில் படகுக்கு வந்து சேர்கிறதா என்ற கேள்வியை இந்தக் கரை மறக்கவில்லை. கணிப்பு எவ்வளவு துல்லியம் என்பதோடு, அது யார் கையில் எப்போது கிடைக்கிறது என்பதும் முக்கியம்.

நீண்ட காலக் கணிப்பு உதவ வேண்டியது அரசின் முடிவுகளுக்கு. முதலில் மீன்பிடித் தடைக்காலம். குமரியின் மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தேதிகள் இவை. முட்டையிடும் காலமே நகர்கிறது என்றால், தேதிகளை இனம் வாரியாக மறுபடியும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து குஞ்சு மீன். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது. ஒரே மீன் கூட்டம் இரண்டு மாநிலக் கடலிலும் திரியும்போது, ஒரு பக்கம் மட்டும் கட்டுப்பாடு இருந்தால் போதாது.

கடைசியாகக் கடன். பெரிய படகுக்கோ இன்ஜினுக்கோ பல வருஷத் தவணையில் கடன் கொடுக்கும்போது, அந்த வருஷங்களில் சாளை இதே அளவு வரும் என்று மறைமுகமாக நம்பித்தான் கொடுக்கிறார்கள். 2012-க்கும் 2021-க்கும் இடையே நடந்தது அந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்று காட்டிவிட்டது. மீன் பொய்க்கும் ஆண்டில் தவணையைத் தள்ளிவைக்கும் ஏற்பாட்டையும் காப்பீட்டையும் இப்போதே யோசிக்க, இன்று கையில் இருக்கும் மாதிரிகளே போதும். ஊர் அளவில் இன்னும் துல்லியமான கணிப்பு வேண்டுமென்றால், எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன் நின்றது என்று கடியப்பட்டணம் போன்ற ஊர்களின் மீனவர்களுக்குத் தெரிந்ததையும் தரவாகச் சேர்க்க வேண்டும். கட்டம் போட்ட வரைபடத்தில் விட்டுப்போன இடங்கள் அவர்களுக்குத்தான் அத்துப்படி.