தூணில் இருக்கும் பெயரைப் படியுங்கள்



கார்லா குகையின் படம் ஒன்று இரண்டு நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ‘மன்னர்கள் கட்டிய அலங்காரத் தூண்கள்’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். இதில் இரண்டு சொற்கள் தப்பு.

முதலில் ‘கட்டிய’. மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே, லோனாவ்லா பக்கத்து மலையில் இருக்கிறது கார்லா. சுமார் 2000 ஆண்டுப் பழமையான பௌத்த வழிபாட்டு மண்டபம்; 124 அடி நீளம், 37 தூண்கள். ஒன்றைக்கூட யாரும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. மலையைக் குடைந்துகொண்டே போய், தூண் வேண்டிய இடத்தில் மட்டும் பாறையை விட்டுவைத்துச் செதுக்கினார்கள். உளி தவறினால் மாற்றுத் தூண் கிடையாது. பக்கத்துக்குப் பதினைந்து தூண்களில் அடியில் குடம், எட்டுப்பட்டைத் தண்டு, உச்சியில் மண்டியிட்ட யானைகள், அவற்றின்மேல் ஆணும் பெண்ணும். ஸ்தூபிக்குப் பின்னால் உள்ள ஏழும் வேலைப்பாடு இல்லாதவை.

அடுத்தது ‘மன்னர்கள்’. கொடுத்தவர் யார் என்று பிராமி எழுத்தில் தூணிலேயே இருக்கிறதே! தேனுகாகடம் என்ற ஊரின் யவனர்கள் பல தூண்களைத் தானமாகத் தந்திருக்கிறார்கள். வாசல் வேலையில் சிம்மதத்தன் என்ற வாசனைப் பொருள் வியாபாரியின் பெயரும், சாமி என்ற தச்சரின் பெயரும் இருக்கின்றன. மண்டபத்தை முடித்துவைத்ததாகப் பெயர் பொறித்தவர் வைஜயந்தி ஊர் வணிகர் பூதபாலன்.

“அப்போ ராஜாக்கள் ஒன்றுமே தரவில்லையா சார்?” என்பீர்கள். தந்தார்கள். நகபானனின் மருமகன் உஷவதாதன் இங்கிருந்த துறவிகளுக்கு ஒரு கிராமத்தையே கொடுத்தான். அதற்கும் அங்கே கல்வெட்டு உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் வியாபாரி கொடுத்ததையும் தச்சர் செய்ததையும் அரசன் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

இது சின்ன விஷயம் இல்லை. தச்சர் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ‘வரலாறு என்றால் ராஜா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், தன் வீட்டு ஆட்களுக்கு அதில் இடமில்லை என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். யானைகளைச் செதுக்கிய கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் மிஞ்சவில்லை. கல்லில் மிஞ்சிய பெயர்களையாவது நாம் அழிக்க வேண்டாமே.

ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, ‘கட்டியவர் யார்?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்காதீர்கள். ‘யார் யார் கொடுத்தார்கள்?’ என்று கேளுங்கள். மற்றவர்கள் அந்தப் படத்தை அனுப்பும் முன் எழுதியிருப்பதைத் திருத்துங்கள். சிவப்பு மை இன்னும் என்னிடம் இருக்கிறது!