கழுதைப் பாலுக்கும் மாதம் உண்டு

பிள்ளையை ஏச வேண்டுமானால் நம் வீடுகளில் முதலில் நாவில் வருவது 'கழுதை'. அந்தக் கழுதையின் பாலையே பச்சைக் குழந்தைக்குச் சங்கில் வார்த்துப் புகட்டுவதும் நம்மவர்தாம்! தமிழ்நாட்டுத் தெருக்களில் கழுதையை ஓட்டி வந்து, கேட்ட வீட்டு வாசலிலேயே கறந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் அற்றுவிடவில்லை. நான் வடக்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. இங்கு வந்தும் என் பாட்டி அந்த நம்பிக்கையை விடவில்லை. கழுதைப் பால் குடித்தால் குரல் கணீரென்று வரும் என்பாள்.

இப்போது அது பணக்காரச் சரக்காகவும் ஆகிவிட்டது. ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், குஜராத்தின் ஹலாரிக் கழுதைகளைக் கொண்டு பால்பண்ணை தொடங்கப் போகிறதென்று 2020-இல் செய்தி வந்தது. லிட்டர் ரூ. 7,000 என்ற விலையும் கூடவே பரவியது. இரசாயனம் படிக்கிறவன் என்பதால் விடுதி நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள்: "அப்படி என்னதானப்பா இருக்கிறது அதில்?"

இருக்கிறது, நண்பர்களே. பசும்பாலில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் புரதம். கழுதைப் பாலில் ஏறக்குறைய 1.5 முதல் 1.8 வரைதான். பால் சர்க்கரையோ பசும்பாலைவிட அதிகம். 6 முதல் 7 பங்கு. இவ்விரண்டிலும் அது தாய்ப்பாலுக்கு அடுத்த வீடு. லைசோசைம் என்ற கிருமியெதிர்ப் பொருளும் லிட்டருக்கு 1 கிராம் அளவில் உண்டு. ஆனால் கொழுப்பு? தாய்ப்பாலில் 3.5 முதல் 4 பங்கு. இதில் பெரும்பாலும் 1-க்கும் கீழே. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளுக்கு இத்தாலிய மருத்துவர்கள் இதைக் கொடுத்தபோது எண்ணெய் சேர்த்தே கொடுத்தார்கள். நம் சங்கில் எண்ணெயுமில்லை, பக்கத்தில் மருத்துவருமில்லை. காய்ச்சாத பால் வேறு! முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாமென்று மருத்துவ உலகம் சொல்லும்போது இந்தத் துணிவு எதற்கு?

இந்த எண்களும் நின்ற இடத்தில் நிற்பவையல்ல. நான் சொல்ல வந்ததே இதுதான். ஈன்றவுடன் சுரக்கும் சீம்பாலில் புரதம் மிகுதி. பிறகு அது மாதத்துக்கு மாதம் இறங்குகிறது; பால் சர்க்கரை அவ்வளவாக அசைவதில்லை. கொழுப்போ கறக்கும் விதத்துக்கேற்ப ஆடுகிறது. மடியில் கடைசியாக வருவதே கொழுத்த பால்; குட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் தாய் அதை எளிதில் இறக்காது. ஆக, இரண்டாம் மாதத்துப் பாலும் ஏழாம் மாதத்துப் பாலும் ஒன்றல்ல. விலை மட்டும் ஒன்று! இதை வியாபாரம் என்பதா, வேடிக்கை என்பதா?

சீம்பாலில் கை வைப்பதோ வேடிக்கையுமல்ல. கழுதைக் குட்டிக்குக் கருவிலிருக்கும்போது தாயின் நோயெதிர்ப்புப் பொருள் வந்து சேர்வதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலே அதற்குக் கவசம். அதைக் கறந்தெடுப்பவன் குட்டியின் உயிரில் பங்கு கேட்கிறான்.

இதனால் கழுதை வளர்ப்போரின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 2012 கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த கழுதைகள் சுமார் 3.2 லட்சம், 2019-இல் 1.2 லட்சம். சுமை போயிற்று, சோறும் போயிற்று. பாலாவது அதைக் காப்பாற்றுமானால் நல்லதே. பெரியவர்கள் வாங்கிக் காய்ச்சிக் குடிக்கட்டும். கறந்த தேதியோடு கழுதை ஈன்ற தேதியையும் புட்டியில் எழுதட்டும். எழுத மறுப்பவனிடம் நம்மில் எவரும் ஒரு சங்கு பாலும் வாங்கலாகாது.