பத்தாம் வகுப்பும் ஒரு காமிராவும்

பத்தாம் வகுப்பில் காலடி வைத்த நாள் முதல் எங்களுக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: "பொழுதுபோக்கையெல்லாம் மூட்டை கட்டி வை. பரீட்சை முடியட்டும்." பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் இதை முழுவதும் ஏற்பதற்கில்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் அவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் 1912-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார், சட்டமும் படித்தார். காமிராவைப் பிடிக்க எந்தக் கல்லூரியும் அவருக்குக் கற்றுத் தரவில்லை. தாமே பழகிக்கொண்டார். யானைகளையும் காட்டெருமைகளையும் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். வண்ணப் பிலிம் பரவிய பின்னும் அவர் மாறவில்லை. விலையுயர்ந்த கருவி வைத்திருந்தாரா? அதுதான் வேடிக்கை! வெவ்வேறு காமிராக்களின் பாகங்களை இணைத்துப் பெரியதொரு கருவியாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டினார். (எங்கள் அறிவியல் கண்காட்சிக்கு அது வந்திருந்தால் முதற்பரிசு நிச்சயம்.)

காட்டு விலங்குகளை மட்டுமே தேடி அலைந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள், தோழியரே. காக்கை, அணில், பல்லி என நாம் ஏறிட்டும் பாராதவற்றையும் கூர்ந்து கவனித்து எழுதினார். 1950 முதல் 1996-இல் மறையும் வரை, 46 ஆண்டுகள், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவருடைய இயற்கைக் குறிப்புகள் வெளிவந்தன. பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

இன்று கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் இருபது படம் எடுக்கிறோம்; பெரும்பாலும் நம் முகத்தைத்தான்! பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 12 அல்லது 36 படங்களே. பொத்தானை அழுத்துமுன் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குக் காத்திருக்க வேண்டும். உயிரியல் பாடம் எங்களிடம் கேட்பதும் இந்தக் கூர்நோக்கைத்தானே? இலையின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். மரத்திலிருக்கும் இலையை உற்றுப் பார்த்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

ஆகவே, நாங்கள் கேட்பது புதுக் காமிரா அன்று. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்று. எண்ணிப் பன்னிரண்டே படங்கள். நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்து மரங்கள் இருக்கின்றன. சகோதரிகளில் ஒருவர் துணைக்கு வந்தால் எங்கள் அம்மாக்களும் மறுக்கமாட்டார்கள். திங்கட்கிழமைக் கணக்குத் தேர்வுக்குப் படிக்க ஞாயிறு முழுவதும் இருக்கிறதே!