லோகோ வரும், குரல் வராது

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பு ஒன்றுதான் காரணம். தீர்வு என்னவோ சின்னதுதான். கணினியை சேஃப் மோடிலோ மீட்புச் சூழலிலோ ஏற்றி, ஒரு ஃபோல்டருக்குள் போய், அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்ட வேண்டும். கண் தெரிந்தவருக்கே எரிச்சலூட்டும் வேலை. இதே வேலையைத் திரையைக் காதால் படிக்கும் ஒருவர் செய்ய நேர்ந்தால்? கட்டளைகள் அவருக்குத் தெரியும், விசைப்பலகையில் விரல்கள் பலரைவிட வேகமாக ஓடும். கணினி இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்லத்தான் அங்கே எதுவும் இல்லை.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்பது இயங்குதளத்தின் மேல் ஓடும் இன்னொரு மென்பொருள். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய, இலவசமாகக் கிடைக்கிற என்.வி.டி.ஏ. ஆகட்டும், அதற்கு வெகுகாலம் முன்பே டாஸ் காலத்தில் பிறந்த ஜாஸ் ஆகட்டும், விண்டோஸ் எழுந்து உட்கார்ந்த பிறகே வாய் திறக்கும். விண்டோஸ் எழவில்லை என்றால் அதைச் சரிசெய்ய உதவ வேண்டிய கருவியும் கூடவே விழுந்துவிடுகிறது. கிணற்றில் விழுந்தவனோடு கயிறும் விழுந்த கதைதான். மற்ற பழுதுகளில் பார்வையற்றவருக்கும் பார்வையுள்ளவருக்கும் வேகத்தில்தான் வித்தியாசம். கணினி பூட் ஆகாத பழுதில் மட்டும் ஒருவருக்கு வழி இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

தொழில்நுட்பம் அந்த அளவுக்கு வளரவில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. மேக் கணினியின் மீட்புச் சூழலில் கமாண்ட்-எஃப்5 அழுத்தினால் வாய்ஸ்ஓவர் பேசும். டெபியன் லினக்ஸின் நிறுவல் மெனு தயாரானதும் பீப் ஒலி எழும். 'எஸ்' விசையையும் என்டரையும் தட்டினால் நிறுவல் முழுவதையும் காதால் கேட்டே முடித்துவிடலாம். விண்டோஸின் மீட்புச் சூழலிலும் கன்ட்ரோல்-விண்டோஸ்-என்டர் அழுத்தினால் நரேட்டர் வரும். அதாவது, ஒலிச் சில்லுக்குரிய டிரைவர் அந்தச் சின்னச் சூழலில் இருந்தால் வரும். ஆனால் இவையெல்லாம் வாசலைத் தாண்டி வந்தவருக்கு மட்டுமே கிடைப்பவை. பென்டிரைவிலிருந்து தொடங்கு என்று கணினிக்குச் சொல்லும் இடமான பயாஸ் திரை, இன்றைய பெயரில் யூ.ஈ.எஃப்.ஐ., பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரு சொல்கூடப் பேசாது.

"கையில்தான் போன் இருக்கிறதே, கேமராவைத் திரைமுன் காட்டினால் படித்துச் சொல்லாதா?" என்பது முதலில் வரும் கேள்வி. சொல்லும். ஆனால் பயாஸ் மெனுவில் எழுத்தைவிட முக்கியம், எந்த வரி இப்போது தேர்வில் இருக்கிறது என்பது. அதைக் காட்டுவது நிற மாற்றம் ஒன்றுதான். எழுத்தை மட்டும் அடையாளம் காணும் செயலி பத்து வரிகளையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு, நமக்கு வேண்டிய ஒரே சேதியை விட்டுவிடும். அடுத்த என்டர் 'வெளியேறு' என்பதன் மேல் விழுமா, 'எல்லாவற்றையும் அழி' என்பதன் மேல் விழுமா என்று தெரியாமல் விரலை வைக்க வேண்டியிருக்கிறது. ஹெச்.டி.எம்.ஐ. கேப்சர் கார்டு வழியாகத் திரையை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோய் அங்கே படிக்க வைப்பவர்களும் உண்டு. கெட்டிக்காரத்தனமான வழி. அதற்கு நல்ல நிலையில் இரண்டாவது கணினி ஒன்று வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பயாஸ் அடங்கிய ஃபர்ம்வேர் எவ்வளவு சிறியதோ அவ்வளவு பாதுகாப்பு. அதற்குள் ஒலி டிரைவரையும் பேச்சு இயந்திரத்தையும் திணித்தால் தாக்குபவருக்கு இன்னொரு ஓட்டை கிடைக்கும் என்கிறார்கள் பாதுகாப்பு வல்லுநர்கள். நியாயம்தான். ஆனால் அந்தச் சிக்கனம் யாருக்காகத் தளர்த்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் பைனார்லி நிறுவனத்தார் லோகோஃபெயில் என்ற பெயரில் ஒரு தொகுதிக் குறைபாடுகளை வெளியிட்டார்கள். கணினி தொடங்கும்போது தயாரிப்பாளரின் சின்னத்தைக் காட்டுவதற்காக ஃபர்ம்வேருக்குள் வைத்திருந்த படம் பிரிக்கும் நிரல்களே ஓட்டையாக இருந்தன. கம்பெனியின் லோகோ மின்னுவதற்கு இடம் இருந்திருக்கிறது. லோகோஃபெயில் ஆட்சேபக்காரர் பக்கமும் சாட்சி சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: கூடுதல் நிரல் கூடுதல் ஆபத்துதான். அதனால்தான் ஃபர்ம்வேர் பேசியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் மெனுக்கள் படமாவதற்கு முன் உள்ளே எழுத்தாகத்தான் இருக்கின்றன. அந்த எழுத்தை வெளியே அனுப்பினால் போதும். மானிட்டரே இல்லாத சர்வர்களில் பயாஸ் திரை சீரியல் கேபிள் வழியே எழுத்தாக வெளியேறுவது நெடுங்கால வழக்கம். 2018இல் பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கென ஒரு பொது யு.எஸ்.பி. தரமும் வந்துவிட்டது. விசைப்பலகை எந்தக் குடும்பத்து நெறியில் பேசுகிறதோ அதே குடும்பம்தான். விசைப்பலகையை அடையாளம் காணும் ஃபர்ம்வேருக்கு இது புது மொழி அல்ல. பிரெய்ல் கருவியின் விலை பலருக்கு எட்டாது என்பது உண்மை; அவர்களுக்கு சீரியல் வழி இருக்கட்டும்.

"எப்போதாவது நடப்பதுதானே, பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டால் ஆயிற்று" என்பவர்களுக்கு அந்த 48 இலக்கங்களை நினைவூட்டலாம். பக்கத்தில் இருப்பவரிடம் அவற்றைப் படித்துக் காட்டுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். தவிர, கணினிகளைப் பராமரிப்பதையே வேலையாகக் கொண்ட பார்வையற்றோர் இருக்கிறார்கள். பூட் ஆகாத கணினி அவர்களுக்கு எப்போதாவது வரும் விருந்தாளி அல்ல. சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று நம் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அதே ஆண்டு ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அணுகல் சட்டம், நுகர்வோர் கணினிகளையும் அவற்றின் இயங்குதளங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கணினிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே கிடக்கும் ஃபர்ம்வேர் திரை எந்தக் கணக்கில் வரும் என்று தயாரிப்பாளர்களைக் கேட்க வேண்டிய நேரம் இது.

அதுவரை அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழி ஒன்றுண்டு. கணினி நன்றாக இருக்கும்போதே, கண் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, பூட் வரிசையில் பென்டிரைவை முதலாவதாக மாற்றிவிடுவார்கள். எத்தனை முறை கீழ்அம்பு, எப்போது என்டர் என்று எண்ணிக் குறித்தும் வைப்பார்கள். அடுத்த ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் மெனுவில் ஒரு வரி கூடினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். பூட் வரிசையில் பென்டிரைவை முதலில் வைக்காதீர்கள், வழிப்போக்கர் யாரும் செருகிவிடலாம் என்று எச்சரிப்பவர்களும் அதே பாதுகாப்பு வல்லுநர்கள்தான்.